ஈரலில் ஒட்டுண்ணி நீர்க்கட்டி: ஸ்கான் ரிப்போர்ட் முதல் கடைசி கிளினிக் வரை

கொழும்பில் சத்திரசிகிச்சை வார்டுகளில் பல வருடம் தாதியாக வேலை செய்தேன். ஈரலில் வரும் ஹைடாடிட் எனப்படும் ஒட்டுண்ணி நீர்க்கட்டி நம் நாட்டில் அடிக்கடி காணப்படுவதில்லை. அதனாலேயே அது வந்தவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடைக்காது. நான் பார்த்தவர்களில் பலர் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள். கிளினிக்கில் சொன்னது சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ காதைக் கடந்து போய்விட, பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் வந்து என்னிடம் கேட்பார்கள்: "மிஸ், இனி நாங்கள் என்ன செய்ய வேணும்?"

அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் வரிசையாக எழுதுகிறேன். எந்தச் சிகிச்சை என்று முடிவெடுப்பது வைத்தியர். நோயாளியும் வீட்டாரும் செய்ய வேண்டியவையும் நிறைய இருக்கின்றன. இந்த நோயில் ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் அடுத்த படியில் ஆபத்து வரும்.

1. இது எந்தக் கட்டி என்பதை உறுதி செய்யுங்கள்

ரிப்போர்ட்டில் "ஈரலில் கட்டி" என்று வாசித்ததும் பலர் புற்றுநோய் என்று நினைத்து உடைந்து போகிறார்கள். ஈரலில் சாதாரண நீர்க்கட்டி வரும், சீழ்க்கட்டி வரும், ஒட்டுண்ணி நீர்க்கட்டியும் வரும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

ஒட்டுண்ணி நீர்க்கட்டிக்குக் காரணம் நாயின் குடலில் வாழும் எக்கினோகாக்கஸ் என்ற சிறிய நாடாப்புழு. நாயின் மலத்தோடு வெளியேறும் முட்டை கை, கீரை, தண்ணீர் வழியாக மனிதரின் வயிற்றுக்குள் போகிறது. அங்கிருந்து இளம்புழு இரத்தத்தோடு ஈரலுக்கு வந்து, தன்னைச் சுற்றி நீர் நிரம்பிய பை ஒன்றைக் கட்டிக்கொள்கிறது. பை மெதுவாக வளரும். வருடக்கணக்கில் எந்த அறிகுறியும் இல்லாமல் இருந்து, வேறு எதற்கோ எடுத்த ஸ்கானில் தெரிய வருவதும் உண்டு.

ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது தொற்றாது. ஒரு வீட்டில் அம்மாவுக்குத் தனித் தட்டு, தனிக் கோப்பை வைத்துவிட்டார்கள். அந்த அம்மா வார்டில் அதைச் சொல்லித்தான் அதிகம் அழுதார். தயவு செய்து அப்படிச் செய்யாதீர்கள்.

நோயைச் சொல்வதில் முதல் இடம் அல்ட்ராசவுண்ட் ஸ்கானுக்கு. இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் பரிசோதனை அதற்குத் துணை. இரத்தப் பரிசோதனை "இல்லை" என்று வந்தாலும் கட்டி ஹைடாடிட்டாக இருக்கலாம். அதனால் அந்த ஒரு தாளை நம்பி கிளினிக்குப் போவதை நிறுத்தக் கூடாது.

இந்தப் படியில் நடக்கும் பெரிய தவறு, சந்தேகம் தீரும் முன்பே கட்டிக்குள் ஊசி விடுவது. உள்ளே உள்ள நீர் வயிற்றுக்குள் கசிந்தால் கடும் ஒவ்வாமை வரலாம். இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நீரில் இருக்கும் புழுத்தலைகள் வயிறெங்கும் சிதறிப் புதிய கட்டிகளாகவும் முளைக்கலாம். வேறு இடத்தில் காட்டப் போனால் வாய் திறந்து முதலில் சொல்லுங்கள்: "ஹைடாடிட் என்று சந்தேகப்படுகிறார்கள்." மத்திய கிழக்கில் வேலை செய்தது, நாய்களோடும் ஆடுகளோடும் பழகியது எல்லாவற்றையும் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் வைத்தியருக்கு அந்த எண்ணமே வராமல் போகலாம்.

2. கட்டி எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இந்தக் கட்டிகளுக்குச் சி.ஈ. 1 முதல் சி.ஈ. 5 வரை நிலைகள் உள்ளன. ரிப்போர்ட்டில் அந்த எண் இல்லையென்றால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இனி வரும் முடிவுகள் பெரும்பாலும் அந்த எண்ணை வைத்துத்தான் எடுக்கப்படும்.

சி.ஈ. 1 என்றால் தெளிந்த நீர் கொண்ட ஒற்றைப் பை. சி.ஈ. 2 என்றால் தாய்ப்பைக்குள் பல குட்டிப் பைகள், ஸ்கானில் தேன்கூடு போலத் தெரியும். இவை இரண்டும் உயிர்ப்போடு இருப்பவை. சி.ஈ. 3 மாறிக்கொண்டிருக்கும் நிலை. அதில் 3ஏ என்றால் உள்சவ்வு கழன்று மிதக்கிறது. 3பி என்றால் பாதி கெட்டியான கட்டிக்குள் இன்னும் குட்டிப் பைகள் இருக்கின்றன. சி.ஈ. 4, 5 இரண்டும் ஓய்ந்துபோனவை, 5இல் சுவர் சுண்ணாம்பு படிந்து இறுகியிருக்கும்.

ஓய்ந்துபோன கட்டி தொல்லை எதுவும் தராவிட்டால் ஸ்கானில் கவனித்து வந்தாலே பெரும்பாலும் போதும். "உள்ளே இருக்கிறதை வெட்டி எடுத்துவிட்டால் நிம்மதி" என்று வைத்தியரை நெருக்கும் வீட்டாரைப் பார்த்திருக்கிறேன். தேவையில்லாத சத்திரசிகிச்சையால் வரும் ஆபத்து, அந்தக் கட்டியால் வரும் ஆபத்தைவிடப் பெரிது.

3. கையில் இருக்க வேண்டியவை

ஒரு கோப்பு வாங்குங்கள். ஸ்கான் ரிப்போர்ட், சிடி (CT) ஸ்கான் படங்களும் அவை பதிந்த தட்டும், இரத்தப் பரிசோதனைத் தாள்கள், வழக்கமாகப் போடும் மருந்துகளின் பட்டியல், ஒவ்வாமை விவரம் எல்லாம் திகதி வரிசையில் அதற்குள் இருக்கட்டும். வவுனியாவிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ இரவு பஸ் ஏறி வந்துவிட்டு, சிடி படம் வீட்டு அலுமாரியில் இருக்கிறது என்று சொன்னவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்திருக்கிறது.

அரசாங்க வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஈரல் சத்திரசிகிச்சையில் அனுபவமுள்ள பிரிவைக் கேளுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கும் றாகம போதனா வைத்தியசாலைக்கும் மற்ற மாவட்டங்களிலிருந்து நோயாளர்களை அனுப்புவது வழக்கம். உங்கள் ஊர் வைத்தியரின் கடிதத்தோடு வந்தால் அலைச்சல் குறையும். கூட வருகிறவர் ஒரே ஆளாக இருப்பது நல்லது. ஒவ்வொரு கிளினிக்குக்கும் வேறு வேறு ஆள் வந்தால் போன முறை சொன்னது வீடு போய்ச் சேர்வதில்லை.

4. குளிசை: எல்லாரும் இலேசாக எடுத்துக்கொள்ளும் படி

சத்திரசிகிச்சைக்கு முன்பே அல்பெண்டசோல் என்ற புழுக்கொல்லிக் குளிசையைத் தொடங்குவார்கள். கட்டிக்குள் இருக்கும் புழுத்தலைகளைப் பலவீனப்படுத்தி, திறக்கும்போது ஏதாவது சிந்தினாலும் அது மீண்டும் முளைக்காமல் தடுப்பதற்காகத்தான். எத்தனை நாளைக்கு முன்பு என்பது கட்டியையும் அவசரத்தையும் பொறுத்தது.

வழக்கமான அளவு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், இரண்டு வேளையாகப் பிரித்து. வளர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் 400 மில்லிகிராம் குளிசை காலையும் இரவும் என்று எழுதுவார்கள். அளவை வைத்தியர் எழுதித் தர வேண்டும், கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற மருந்து இல்லை.

இங்கே நான் திரும்பத் திரும்பக் கண்ட தவறுகள் நான்கு.

"பூச்சிக் குளிசைதானே, ஒன்று போட்டாச்சு" என்று நிறுத்திவிடுவது முதலாவது. குடல் பூச்சிக்கு ஒரு வேளை போதும். ஈரலில் தடித்த சுவருக்குள் இருக்கும் புழுவுக்கு வாரங்களும் மாதங்களும் வேண்டும்.

இரண்டாவது, மெபெண்டசோலை வாங்கிவிட்டு அதுவும் இதுவும் ஒன்று என்று நினைப்பது. பெயர் ஒலிப்பது கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். துண்டில் எழுதிய பெயரையும் பெட்டியில் உள்ள பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்றாவது தவறு நல்ல மனதோடு செய்யப்படுவது. ஈரல் நோய் என்றதும் வீட்டில் எண்ணெய், தேங்காய்ப்பால், முட்டை எல்லாவற்றையும் நிறுத்தி வெறும் கஞ்சி கொடுக்கிறார்கள். அல்பெண்டசோல் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் நன்றாக ஏறும். வெறும் வயிற்றில் போட்டால் பெரும்பகுதி வீணாகிவிடும். வேறு காரணத்துக்காக வைத்தியர் கொழுப்பைத் தடுத்திருக்காவிட்டால், இடியப்பமும் பால்சொதியும் முட்டையும் சாப்பிட்ட கையோடு குளிசையைப் போடுங்கள். இதைச் சொன்னபோது ஒரு மகள், "ஐயோ மிஸ், ஒரு மாதமாக அப்பாவுக்குக் கஞ்சிதான்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பாவம், கடையில் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நான்காவது, இரத்தப் பரிசோதனையைத் தவறவிடுவது. இந்தக் குளிசை சிலருக்கு ஈரல் நொதிகளைக் கூட்டும், வெள்ளை அணுக்களைக் குறைக்கும், முடி கொட்ட வைக்கும். அதனால் தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் பார்ப்பார்கள். முடி கொட்டினால் மருந்து முடிந்ததும் திரும்ப வளரும். வெள்ளை அணுக்கள் குறைவது வெளியில் தெரியாது, தாளில்தான் தெரியும்.

கர்ப்பமாக இருந்தாலோ கர்ப்பமாகும் வாய்ப்பு இருந்தாலோ முதல் நாளே சொல்லிவிடுங்கள். குளிசை போடும் காலத்திலும் முடித்து ஒரு மாதம் வரையும் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

5. சத்திரசிகிச்சைக்கு முன் கட்டியைக் காப்பது

காத்திருக்கும் வாரங்களில் வயிற்றில் அடிபடாமல் இருக்க வேண்டும். ஈரலின் மேற்பரப்பில் உள்ள பெரிய கட்டி அடிபட்டால் உடையலாம். மூட்டை தூக்குவது, மோட்டார் சைக்கிள் ஓட்டம், விளையாட்டு எல்லாவற்றையும் நிறுத்தி வையுங்கள். வலிக்கிறது என்று எண்ணெய் பூசி வயிற்றை உருவிவிடுவதையும் அறவே தவிருங்கள்.

திடீரென்று கடும் வயிற்றுவலி, உடலெங்கும் தடிப்பு, மூச்சுத் திணறல், மயக்கம் வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். கண் மஞ்சளானாலும் குளிரோடு காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான். கட்டி பித்தக் குழாய்க்குள் உடைந்து அதன் துண்டுகள் வழியை அடைத்தால் செங்கண்மாரி வரும்.

இதே காலத்தில் நெஞ்சு எக்ஸ்ரேயும் சிடியும் எடுப்பார்கள். ஈரலுக்கு அடுத்தபடியாக இந்தக் கட்டி அதிகம் வருவது நுரையீரலில். அங்கே ஒன்று இருப்பது தெரியாமல் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து. "ஈரலுக்கு வந்தோம், நெஞ்சு எதற்கு?" என்று எக்ஸ்ரேயைத் தட்டிக் கழிக்காதீர்கள்.

6. எந்தச் சிகிச்சை, ஏன் என்று விளங்கிக்கொள்ளுங்கள்

5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த சி.ஈ. 1, 3ஏ கட்டிகளுக்குச் சில மாதங்கள் குளிசை மட்டும் கொடுத்துப் பார்க்கலாம். அதைவிடப் பெரியதாக இருந்தால், ஸ்கானைப் பார்த்தபடி ஊசியால் நீரை உறிஞ்சி, புழுவைக் கொல்லும் திரவத்தைச் செலுத்தி, மீண்டும் உறிஞ்சி எடுக்கும் முறை ஒன்று உண்டு. அதன் பெயர் பெயார். ஊசி விடக் கூடாது என்று முன்பு சொன்னேனே, அதற்கு இது முரண் இல்லை. குளிசை கொடுத்த பிறகு, ஒவ்வாமைக்கான மருந்துகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தெரிந்தவர்கள் செய்வது இது. கட்டி பித்தக் குழாயோடு தொடர்பில் இருந்தால் இதைச் செய்ய மாட்டார்கள்.

குட்டிப் பைகள் நிறைந்த பெரிய சி.ஈ. 2, 3பி கட்டிகள், உடையும் நிலையில் இருப்பவை, கிருமி தொற்றியவை, பித்தக் குழாயோடு சேர்ந்தவை, பக்கத்து உறுப்பை நெருக்குபவை: இவற்றுக்குத்தான் சத்திரசிகிச்சை.

அதில் இரண்டு வழி. கட்டியைத் திறந்து உள்ளே இருப்பதை எடுத்து, கூரை போன்ற மேற்சுவரை வெட்டி நீக்கி, ஈரலோடு ஒட்டிய அடிச்சுவரை விட்டுவிடுவது ஒன்று. இது ஓரளவு எளிது, இரத்தப்போக்கு குறைவு. ஆனால் பித்தம் கசிவதும் நோய் திரும்புவதும் இதில் சற்று அதிகம். சுவரோடு கட்டியை முழுதாக அகற்றுவது, தேவைப்பட்டால் ஈரலின் ஒரு பகுதியையும் சேர்த்து எடுப்பது மற்றது. நோய் திரும்புவது குறைவு, சத்திரசிகிச்சையின் பாரம் கூடுதல். கட்டி பெரிய இரத்தக் குழாய்களை ஒட்டியிருந்தால் முதல் வழிதான் பாதுகாப்பு. எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டுப் பலன் இல்லை. "இந்தக் கட்டி இருக்கும் இடத்துக்கு எது பொருந்தும் டொக்டர்?" என்று கேளுங்கள்.

7. ஒப்பம் வைக்கும் முன்

ஒப்பப் படிவத்தைத் தமிழில் விளக்கிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. விளங்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, வயிற்றில் வடிகுழாயோடு வெளியே வந்த அப்பாவைப் பார்த்து "ஏதோ பிழை நடந்துவிட்டது" என்று பதறிய பிள்ளைகளை நான் சமாதானப்படுத்தியிருக்கிறேன். குழாய் இருக்கும் என்பது முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பயம் வந்திராது.

கேட்க வேண்டியவை: எந்த வழியில் செய்யப் போகிறார்கள், பித்தக் குழாய்த் தொடர்பு இருக்கிறதா, வடிகுழாய் எத்தனை நாள் இருக்கலாம், பித்தம் கசிந்தால் என்ன செய்வார்கள்.

இரத்தம் உறையாமல் இருக்கும் குளிசை, நீரிழிவுக் குளிசை, நாட்டு மருந்து எது போட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள். சத்திரசிகிச்சை நாளில் வெறும் வயிறு என்றால் பால் தேத்தண்ணியும் கூடாது. பால் சேர்ந்தால் அது உணவுதான். ஒரு கோப்பைத் தேத்தண்ணியால் சத்திரசிகிச்சை தள்ளிப்போனதை ஒரு முறைக்கு மேல் பார்த்தேன்.

8. தியேட்டருக்குள் என்ன நடக்கிறது

வெளியே காத்திருக்கும் வீட்டாருக்காக இதை எழுதுகிறேன். நேரம் ஏன் எடுக்கிறது என்று தெரிந்தால் மனம் கொஞ்சம் ஆறும்.

பெரும்பாலும் வலப்பக்க விலா எலும்புகளுக்குக் கீழே வெட்டித் திறப்பார்கள். கட்டியைத் தொடும் முன்பே, அதைச் சுற்றிலும் செறிவான உப்புநீரில் நனைத்த துணிகளை அடுக்குவார்கள். ஒரு துளி சிந்தினாலும் அது வயிற்றுக்குள் ஓடாமல் துணியிலேயே நிற்பதற்காக. என்னைக் கேட்டால் முழுச் சத்திரசிகிச்சையிலும் முக்கியமான நிமிடங்கள் இவைதான்.

அடுத்து ஊசியால் நீரை உறிஞ்சுவார்கள். நீரின் நிறத்தில் எல்லாருடைய கண்ணும் இருக்கும். ஊற்றுநீர் போலத் தெளிவாக வந்தால் நல்லது. மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தால் பித்தக் குழாய் கட்டிக்குள் திறந்திருக்கிறது. அப்போது புழுக்கொல்லித் திரவத்தை உள்ளே செலுத்த மாட்டார்கள். அது பித்தக் குழாய்க்குள் போய் அதைச் சுருங்க வைத்துவிடும். முன்பு பயன்படுத்திய ஃபோர்மலினைக் கைவிட்டதும் இந்தக் காரணத்தால்தான்.

தெளிவாக இருந்தால் 20 சதவீத உப்புநீர் போன்ற ஒன்றைச் செலுத்தி, குறைந்தது 15 நிமிடம் காத்திருப்பார்கள். அவசரப்பட்டால் புழுத்தலைகள் சாகாது. பிறகு உறிஞ்சி எடுத்து, கட்டியைத் திறந்து, உள்சவ்வை வெளியே எடுப்பார்கள். இளநீர் வழுக்கை போல வெள்ளையாக, வழுவழுப்பாக இருக்கும். குட்டிப் பைகள் திராட்சைப்பழம் போல உருண்டு வரும்.

காலியான குழிக்குள் வெள்ளைத் துணியை வைத்துப் பார்த்து, எங்காவது மஞ்சள் ஊறினால் அந்த இடத்தைத் தைப்பார்கள். குடலின் முன்னால் தொங்கும் கொழுப்புத் திரையின் ஒரு பகுதியைக் குழிக்குள் நிரப்புவதும் உண்டு. குழி வெறுமையாகக் கிடந்தால் நீர் தேங்கிக் கிருமி தொற்றும். கடைசியில் ஒரு வடிகுழாய் வைத்து மூடுவார்கள். எடுத்த சவ்வு ஆய்வுகூடத்துக்குப் போகும். அந்த ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

9. வார்டில் இருக்கும் நாட்கள்

வடிகுழாயைக் கவனியுங்கள். முதல் நாட்களில் வருவது இளஞ்சிவப்பு நீராக இருந்து வரவரக் குறைய வேண்டும். பச்சையோ கடும் மஞ்சளோ கண்டால் தாதியிடம் சொல்லுங்கள், ஆனால் பதறாதீர்கள். பித்தக் கசிவுதான் இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பின் அதிகம் வரும் சிக்கல். சிறிய கசிவு பெரும்பாலும் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் ஈ.ஆர்.சி.பி. செய்வார்கள்: வாய் வழியாகக் குழாய்க் கமராவை விட்டு, பித்தக் குழாயின் வாயை அகலப்படுத்துவார்கள், தேவைப்பட்டால் சிறு குழாய் ஒன்று வைப்பார்கள். பித்தம் குடலுக்குள் இலகுவாக இறங்கத் தொடங்கினால் கசிவு அடைபடும்.

குழாயைத் தூக்கிப் பிடிப்பது, கட்டிலில் சிக்கி இழுபட விடுவது, பையை இடுப்புக்கு மேலே தொங்கவிடுவது: இவை மூன்றும் வீட்டார் செய்யும் தவறுகள். பை எப்போதும் காயத்துக்குக் கீழே இருக்கட்டும்.

வலிக்குப் பயந்து மூச்சை மேலோட்டமாக விட்டால் வலப்பக்க நுரையீரலின் அடியில் சளியும் நீரும் சேரும். தலையணையை வயிற்றில் அணைத்துப் பிடித்துக்கொண்டு ஆழமாக மூச்செடுத்து இருமச் சொல்லுங்கள். எழுந்து நடக்கச் சொன்னால் நடக்க விடுங்கள். "பாவம், படுத்திருக்கட்டும்" என்ற அன்பு இங்கே தீமைதான் செய்யும்.

10. வீட்டுக்குப் போன பிறகு

சிலர் குழாயோடேயே வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள். ஒரு கொப்பியில் தினமும் ஒரே நேரத்தில் வடிந்த அளவையும் நிறத்தையும் எழுதுங்கள். குழாயை எப்போது எடுப்பது என்பதை அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். "கொஞ்சம் வந்தது" என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. "நேற்று 40 மில்லிலீற்றர், இன்று 25" என்று சொல்லுங்கள்.

குளிசை முடிந்துவிடவில்லை. சத்திரசிகிச்சைக்குப் பின்னும் பொதுவாகக் குறைந்தது ஒரு மாதம் தொடர்வார்கள். உள்ளே சிந்தியிருந்தால் 3 முதல் 6 மாதம் வரை போகலாம். காயம் ஆறிவிட்டது என்று குளிசையை நிறுத்துவதுதான் இந்த நாட்களில் நடக்கும் மிகப் பெரிய பிழை.

வீட்டில் நாய் இருந்தால் மிருக வைத்தியரிடம் காட்டி, நாடாப்புழுவுக்கான மருந்தைக் கொடுங்கள். ஆடு, மாடுகளின் பச்சை ஈரலையோ நுரையீரலையோ நாய்க்குப் போட வேண்டாம். ஒரே சூழலில் வாழ்ந்த மற்றவர்களுக்கும் ஒரு ஸ்கான் எடுத்துப் பார்க்கும்படி நான் சொல்வேன்.

11. முடிவு எப்படி இருக்கும், எத்தனை வருடம் பார்க்க வேண்டும்

உலக சுகாதார நிறுவனம் தரும் சராசரிக் கணக்கில், சத்திரசிகிச்சைக்குப் பின் இறப்பு 2.2 சதவீதம், நோய் திரும்புவது சுமார் 6.5 சதவீதம். ஒவ்வொருவருக்கும் இது அப்படியே பொருந்தாது. உடையாத ஒற்றைக் கட்டியோடு முன்கூட்டியே வந்தவருக்கும், கிருமி தொற்றிச் செங்கண்மாரியோடு வந்தவருக்கும் ஒரே கணக்குப் போட முடியாது. பெரும்பாலானவர்கள் குணமாகிப் பழைய வேலைக்குத் திரும்புகிறார்கள்.

திரும்பும் நோய் சத்தமில்லாமல் வரும், சில வருடம் கழித்தும் வரும். அதனால் முதல் இரண்டு வருடம் 6 மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு வருடத்துக்கு ஒருமுறையும் ஸ்கான் எடுக்கச் சொல்வார்கள். 5 வருடமாவது விடாமல் போங்கள்.

இந்த ஸ்கான்களில் இரண்டு விஷயம் பலரைக் கலங்க வைக்கிறது. ஒன்று, கட்டி இருந்த இடத்தில் இன்னும் குழி தெரிவது. அது சுருங்க மாதங்கள் எடுக்கும், வருடத்துக்கு மேலும் ஆகலாம். போன ஸ்கானைவிடச் சிறிதாகியிருக்கிறதா, உள்ளே புதிய பை தெரிகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். மற்றது, இரத்தப் பரிசோதனை இன்னும் "இருக்கிறது" என்று வருவது. புழு போன பிறகும் எதிர்ப்பொருள் வருடக்கணக்கில் இரத்தத்தில் நிற்கும். அந்த ஒரு தாளை வைத்து நோய் திரும்பிவிட்டது என்று யாரும் முடிவு செய்வதில்லை.

முடிந்தவரை ஒரே இடத்தில் ஸ்கான் எடுங்கள், ஒவ்வொரு முறையும் பழைய படங்களைக் கொண்டு போங்கள். சத்திரசிகிச்சை நடந்த திகதி, என்ன செய்தார்கள், நீர் தெளிவாக இருந்ததா, பித்தம் கலந்திருந்ததா என்ற விவரங்களைக் கோப்பின் முதல் தாளில் தமிழில் எழுதி வையுங்கள். ஐந்து வருடத்துக்குப் பிறகு கிளினிக்கில் இருக்கப் போவது வேறு வைத்தியராக இருக்கலாம். அவர் முதலில் கேட்கப் போவது இந்த விவரங்களைத்தான்.